கல்லாவில் கூடிய நாற்பது ரூபாய்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 39. இரண்டு பிள்ளைகள். காலையில் சமையல், ஸ்கூல் வேன், பிறகு அவிநாசியிலிருந்து ஸ்கூட்டரில் கம்பெனி. அங்கே போனால் சாம்பிள், சாயப்பட்டறை, பிரிண்டிங், ஷிப்மெண்ட் தேதி. நாங்கள் வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில்தான் ஐரோப்பாவில் பையர் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு மெயில் போட ஆரம்பிப்பார். இரவு பதினோரு மணிக்கும் வாட்ஸப்பில் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன்.

தனியாக உட்கார்ந்து தன்னைத்தானே பார்த்துக்கொள்வதைப் பற்றி நீங்கள் அடிக்கடி எழுதுகிறீர்கள். நானும் முயன்றேன். தியானத்துக்கு ஒரு ஆப் இறக்கினேன். ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்து உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போனது. பிள்ளைகள் பாட்டி வீட்டில். போனில் சார்ஜ் இல்லை. இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். காரணமே இல்லாமல் அழுகை வந்துவிட்டது. அதிலிருந்து தனியாக இருக்கவே கொஞ்சம் பயம். என்னைப் போன்றவர்களுக்கு இதெல்லாம் வாய்க்காதோ?

எஸ்., அவிநாசி

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த ஐந்து மணி அலாரத்தை எடுத்துவிடுங்கள். இரவு பதினொன்றுக்கும் பையருக்குப் பதில் சொல்லும் உடம்பு காலை ஐந்துக்குக் கேட்பது தூக்கத்தைத்தான். மூன்றாம் நாள் அது தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொண்டது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 'சும்மா இரு' என்று நம் மரபு சொன்னபோதெல்லாம் யாரோ ஒரு பெண் அடுப்படியில் சும்மா இல்லாமல் இருந்திருக்கிறாள். திண்ணை ஆண்களுக்குத்தான் இருந்தது. ரமணர் பதினாறு வயதில் வீட்டைவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போனார். பிற்பாடு, 1916-இல், அவருடனேயே தங்கிவிடலாம் என்று வந்த அம்மா அழகம்மாள் அங்கேயும் அடுப்பைத்தான் பற்றவைத்தார். ரமணர் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனாலும் இதை நினைக்காமல் உங்களுக்குப் பதில் எழுத முடியவில்லை. என் கட்டுரைகளையும் என் மனைவி கொண்டுவந்து வைத்த காப்பியைக் குடித்துக்கொண்டுதான் எழுதினேன்.

சரி, எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் இதைக் கற்றுக்கொண்டது எந்தச் சாமியாரிடமும் இல்லை, என் அப்பாவிடம். அவர் விருதுநகரில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்குப்பிள்ளை. மல்லி, வத்தல், உளுந்து. பகல் முழுக்க மனிதர் நிற்கமாட்டார். மூட்டை வரும், எடை போடுவார்கள், சம்சாரி வந்து காசுக்கு நிற்பார், லாரிக்காரன் கத்துவான். எல்லாம் ஓய்ந்து இரவு எட்டு மணிக்குமேல் கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டுக் கணக்கு முடிப்பார். கல்லாவிலுள்ள காசை எண்ணி, குறிப்பேட்டில் வரும் இருப்போடு பொருத்திப் பார்ப்பார். பொருந்தினால்தான் வீடு.

ஐந்து பத்து குறைந்தால் பெரிதாக அலட்டிக்கொள்ள மாட்டார், தன் கையிலிருந்து போட்டுவிடுவார். கூடிவிட்டால்தான் வினை. ஒருநாள் நாற்பது ரூபாய் கூடிவிட்டது. அன்றைக்கு நாற்பது ரூபாய் பெரிய காசு. சாப்பாட்டுத் தூக்கோடு போயிருந்த நான் மூட்டைமேல் உட்கார்ந்து தூங்கி வழிந்தேன். “கூடத்தானப்பா செஞ்சிருக்கு, நாளைக்குப் பாப்போம்” என்றேன். “கொறஞ்சா நாம ஏமாந்தது. கூடுனா நாம ஏமாத்துனது. எவன் காசுன்னு தெரியாம எப்பிடிடா படுக்க?” என்றார்.

பிறகு அவர் செய்ததுதான் எனக்கு மறக்கவில்லை. கூட்டலைத் திரும்பப் போடவில்லை. குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். காலையில் கடை திறந்ததிலிருந்து யார் வந்தார், என்ன பேசினார், எந்த நோட்டை எந்தக் கையால் கொடுத்தோம் என்று வரிசையாகப் போனார். விரல்கள் மட்டும் தொடைமேல் காசு எண்ணுவதுபோல அசைந்துகொண்டிருந்தன. ரொம்ப நேரம் கழித்து, “ரெண்டு மணி லாரி” என்றார். மல்லி போட்ட ஒரு சம்சாரிக்குப் பணம் எண்ணிக்கொண்டிருந்தபோது லாரி வந்து ஆரன் அடித்திருக்கிறது. எழுந்து போய் அவனிடம் ஒரு சத்தம் போட்டுவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து எண்ணியிருக்கிறார். விட்ட இடம் அதுவல்ல. நான்கு பத்து ரூபாய் நோட்டுகள் குறைந்துவிட்டன.

தன்னைப் பார்த்துக்கொள்வது என்று நான் இத்தனை பக்கம் எழுதியதெல்லாம் இவ்வளவுதான். பகலில் எங்கே ஆரன் அடித்தது, எங்கே எண்ணிக்கை தவறியது என்று இரவில் போய்ப் பார்ப்பது. மனத்தை வெறுமையாக்க வேண்டியதில்லை. அது எனக்கு வந்ததும் இல்லை. ஒரு சமயம் மலைமேல் ஓர் இடத்தில் பத்து நாள் தங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நாவலுக்கு முழுத் திட்டமும் போட்டுவிட்டு இறங்கினேன். நாவலும் வரவில்லை என்பது வேறு கதை.

என் கணக்கில் ஒன்றைச் சொல்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில், இளம் எழுத்தாளர் ஒருவரின் முதல் தொகுப்பு வர நான்தான் காரணம் என்று மேடையிலேயே ஒருவர் பாராட்டினார். நான் ஒன்றுமே செய்யவில்லை. அந்தக் கையெழுத்துப் பிரதி என் மேசையில் எட்டு மாதம் கிடந்தது, அவ்வளவுதான். மறுக்க வாயெடுப்பதற்குள் கைதட்டிவிட்டார்கள். நான் கும்பிட்டேன். வீட்டுக்கு வந்ததும் எதற்கென்றே தெரியாமல் வாட்ச்மேனிடம் எரிந்து விழுந்தேன், கேட் திறக்க நேரமாகிவிட்டதாம். இரவு நோட்டை எடுத்து ‘வாட்ச்மேனிடம் ஏன் கத்தினேன்’ என்று எழுதிவிட்டுப் பின்னாலேயே போனால் அந்தக் கைதட்டலில் போய் நின்றது. கல்லாவில் என் காசு இல்லாத காசு. மறுநாள் அந்த இளைஞருக்குப் போன் செய்தேன். அது தனிச் சங்கடம்.

இதற்கு எனக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. அவ்வளவு நேரம் உங்களிடம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். சாயப்பட்டறையில் துணி வரக் காத்திருக்கிறீர்கள், கலர் ஓகே ஆகக் காத்திருக்கிறீர்கள், ஸ்கூல் வேனுக்குக் காத்திருக்கிறீர்கள். அந்த நேரமெல்லாம் போனுக்குள் போகிறது. குறை சொல்லவில்லை, எனக்கும் அப்படித்தான். ஆனால் அது வேலைக்காக மட்டும் போகிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கரண்ட் போய், சார்ஜும் தீர்ந்த பிறகுதானே அந்த இருபது நிமிடம் கிடைத்தது?

'பையர் அவசரம் என்றால் என்ன செய்வது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்?' என்று கேட்பீர்கள். காந்தி திங்கட்கிழமைதோறும் பேசாமல் இருந்தார். அதற்கு ஆன்மிக அர்த்தமெல்லாம் பிறகு சேர்ந்தது. ஆட்கள் பிய்த்துத் தின்கிறார்கள், ஒரு நாளாவது ஓய்வு வேண்டும் என்றுதான் தொடங்கியிருக்கிறார். அன்றும் வேலை நடக்கும், வாய் மட்டும் திறக்காது. 1947 ஜூன் 2 ஒரு திங்கட்கிழமை. பிரிவினைத் திட்டத்தைச் சொல்ல வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் காத்திருக்கிறார். இத்தனை காலம் எதை எதிர்த்தாரோ அது முடிவாகிற நாள். காந்தி பழைய கடித உறைகளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் காட்டுகிறார். மௌனம் தொடங்கியபோதே இரண்டு விலக்கு வைத்துக்கொண்டதாகவும் அதில் எழுதினார். உயர்ந்த பொறுப்பில் இருப்பவரிடம் அவசர விஷயம் பேசுவது ஒன்று, நோயாளியைக் கவனிப்பது இன்னொன்று. ஆக உங்கள் பையருக்கும் பிள்ளையின் காய்ச்சலுக்கும் காந்தியே இடம் விட்டு வைத்திருக்கிறார். வைஸ்ராய்க்கே அவர் அந்த விலக்கைப் பயன்படுத்தவில்லை என்பதையும் சேர்த்தே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்க்காதோ என்று கேட்டிருந்தீர்கள். 1902-இல் தென்னார்க்காடு ரெவின்யூ இலாகாவில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை ஆபீஸ் வேலையாகத் திருவண்ணாமலைக்கு வந்தவர். வந்த இடத்தில் மலையேறி, அப்போது பேசாமல் இருந்த இளைஞர் ரமணரிடம் ‘நான் யார்?’ என்று கேட்டார். பதில்கள் எழுத்திலும் சைகையிலும் கிடைத்தன. அவைதான் பின்னாளில் அந்தப் பெயரிலேயே நூலாக வந்தன. இன்றைக்குப் பல மொழிகளில் படிக்கப்படும் அந்தக் கேள்வி, டூட்டியில் வந்த ஓர் ஊழியர் இடையில் கேட்டது.

இனி அந்த அழுகை. காரணமே இல்லாமல் என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டல் சரிதான், காசுதான் கூடிவிட்டது என்று அப்பா சொல்லியிருந்தால் எப்படியோ அப்படி இருக்கிறது இது. ஒருமுறை வந்துபோன அழுகைக்குப் பயப்பட வேண்டாம். அடிக்கடி வந்தாலோ, தூக்கமும் பசியும் கெட்டாலோ, ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். என் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள்.

மற்றபடி, பிள்ளைகளின் பழைய ரஃப் நோட்டு ஒன்று வீட்டில் கிடக்கும். கடைசிப் பக்கத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமையை எழுதுங்கள். எத்தனை மணிக்குக் கரண்ட் போனது, எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள், முதலில் யாருடைய முகம் வந்தது. அதை எனக்கு அனுப்ப வேண்டாம்.

அன்புடன்.