அமெரிக்காவில் டிரக் ஓட்டுநர் வேக டிக்கெட்டை (அதிவேகத்துக்கான அபராதச் சீட்டை) வக்கீல் இல்லாமல் எதிர்க்கலாமா?

சட்டப்படி எதிர்க்கலாம், தடையில்லை. ஆனால் நீங்கள் சிடிஎல் (டிரக் போன்ற வணிக வாகனம் ஓட்டும்) உரிமம் வைத்திருந்து, டிரக்கில் வரம்பைவிட மணிக்கு 15 மைலோ அதற்கு மேலோ போனதாக டிக்கெட் என்றால் தனியாகப் போகாதீர்கள். கூட்டாட்சி விதியில் அது கடுமையான மீறல். 3 ஆண்டுக்குள் அப்படி 2 பதிவானால் 60 நாள் டிரக் ஓட்ட முடியாது. 3 என்றால் 120 நாள். வருமானம் இல்லாமல் இரண்டு மாதம் வீட்டில் உட்காருவதை யோசித்துப் பாருங்கள். பேசாமல் அபராதம் கட்டிவிட்டாலும் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும்.

கார்க்காரர்களைப் போல போக்குவரத்து வகுப்புக்குப் போய்ப் பதிவிலிருந்து தப்பும் வழி உங்களுக்குக் கிடையாது. மாநிலங்கள் அப்படி மறைப்பதைக் கூட்டாட்சி விதியே தடுக்கிறது. அதனால் சாட்சியத்தை உடைக்க வேண்டும், இல்லையென்றால் அரசு வக்கீலிடம் பேசிக் குற்றச்சாட்டைக் குறைக்க வேண்டும். அந்தக் கோர்ட்டில் எது நடக்கும் என்பது உள்ளூர் வக்கீலுக்குத்தான் தெரியும். பல இடங்களில் உங்களுக்குப் பதிலாக அவரே ஆஜராகலாம்; வெளிமாநில டிக்கெட்டுக்கு இது பெரிய உதவி.

வெறும் 5 மைல், பழைய பதிவும் சுத்தம் என்றால் சரி, நீங்களே போகலாம். வேகத்தை அளந்த ரேடார் கருவியைச் சோதித்த ஆவணத்தைக் கேளுங்கள். அப்புறம், குற்றம் உறுதியானால் 30 நாளுக்குள் முதலாளிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.