அச்சிட்ட தாள்கள் சேர்கின்றன, புத்தகம் மட்டும் முடிவதில்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

பொழுதுபோக்காக லினோகட் அச்சுப்படங்கள் செய்கிறேன், அதாவது லினோ என்ற மென்மையான பலகையில் செதுக்கி, மை பூசி அச்சிடுவது. பயணங்களில் கோட்டோவியக் குறிப்புகள் எடுத்து வந்து, அவற்றை லினோவில் செதுக்கி, அச்சிட்டு, கையால் தைத்த சிறு புத்தகங்களாக்க வேண்டும். தோட்டத்து இலைகளும் விதைக்காய்களும் அவற்றில் இடம்பெற வேண்டும். கருவிகள் இருக்கின்றன, நேரமும் கிடைக்கிறது. ஆனாலும் ஒரு புத்தகம்கூட முடிவுக்கு வருவதில்லை.

இப்போது பாதியில் நிற்பது எட்டுப் படங்கள் கொண்ட புத்தகம். படத்துக்கு நான்கு நிறம், 20 பிரதிகள், ரிடக்‌ஷன் முறை. ஒரே பலகையில் முதலில் வெளிர்நிறத்தை எல்லாத் தாள்களிலும் அச்சிட்டுவிட்டு, அதே பலகையை மேலும் செதுக்கி அடுத்த நிறத்துக்குப் போக வேண்டும். முதல் நிறம் நன்றாகவே விழுந்தது. இரண்டாம் நிறத்துக்காக உளியை எடுத்தால் கை நகர மறுக்கிறது. ஒரு கோடு அதிகமாக வெட்டிவிட்டால் அந்தப் படத்தின் 20 தாள்களும் வீண். மறுபடி முதல் நிறத்தை அச்சிடப் பழைய பலகை இருக்காது.

இதற்கு முந்தைய புத்தகம் தைத்து முடித்தும் அட்டையில் ஒட்டாமல் கிடக்கிறது. பி.வி.ஏ. என்னும் வெள்ளைப் பசை தடவி வைத்தவுடன் பிடித்துக்கொள்ளும். கோணலாக ஒட்டிவிட்டால் திருத்த முடியாது என்ற பயம். பயணக் குறிப்பேடுகளில் எதைச் செதுக்குவது, எதை விடுவது என்று தீர்மானிப்பதற்குள் அடுத்த பயணம் வந்துவிடுகிறது.

மனம் கலங்கினால் தோட்டத்துக்குப் போய்விடுவேன். அங்கும் முள்ளங்கி நாற்றுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. பிடுங்க மனம் வரவில்லை. "புத்தகம் என்ன ஆச்சு?" என்று கணவர் அன்பாகத்தான் கேட்கிறார். அதைக் கேட்டாலே கூசிப்போய், மேசையைத் துணியால் மூடிவிடுகிறேன். நான் சோம்பேறியா? இதை விட்டுவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

எட்டுப் படங்கள், 20 பிரதிகள் என்றால் மை உருட்டி, தாளைப் பொருத்தி, தேய்த்து எடுக்கும் வேலையைக் குறைந்தது 160 முறை செய்திருக்கிறீர்கள். சோம்பேறியால் ஆகிற காரியமில்லை அது. பொழுதுபோக்கை விட வேண்டாம்.

நீங்கள் எங்கெங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். இரண்டாம் நிறத்துக்கான செதுக்கல், அட்டை ஒட்டுதல், ஓவியங்களில் சிலவற்றைக் கழித்தல், நாற்றைக் களைதல். நான்குமே செய்தபின் திரும்பப் பெற முடியாதவை. மை உருட்டும்போதும் தைக்கும்போதும் நீங்கள் தயங்குவதில்லை, ஏனென்றால் தையலைப் பிரித்து மறுபடி போடலாம். ஆக, உங்கள் சிக்கல் நீங்கள் பயப்படும் அளவுக்குப் பெரிதில்லை. இழப்பு நிச்சயமாகும் கணத்தில் மட்டும் விலகிவிடுகிறீர்கள். உளியைக் கீழே வைத்ததும் ஒரு நிம்மதி வருகிறதல்லவா, அதுதான் இந்தப் பழக்கத்துக்குத் தீனி. விலகினால் நிம்மதி என்று மனம் கற்றுக்கொள்வதால் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் விலகச் சொல்லும். மேசையை மூடும் துணியும் அதே வேலையைத்தான் செய்கிறது.

உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் ஓர் ஆய்வு உண்டு. உளவியல் ஆய்வாளர்கள் டேனியல் கில்பர்ட்டும் ஜேன் எபர்ட்டும் 2002-இல் வெளியிட்டது. புகைப்பட வகுப்பு மாணவர்கள் தாங்களே அச்சிட்ட படங்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சிலருக்கும், மாற்றவே முடியாது என்று சிலருக்கும் சொன்னார்கள். மாற்ற முடியாதவர்களுக்கே தங்கள் படம் அதிகம் பிடித்திருந்தது. இப்படி ஆகும் என்று மக்கள் முன்கூட்டியே ஊகிப்பதில்லை, மாற்றும் வாய்ப்பு இருப்பதே நல்லது என்று நினைக்கிறார்கள். முடிவைத் திறந்தே வைத்திருப்பது உங்களைக் காப்பதாகத் தோன்றுகிறது. உண்மையில் உங்களைக் களைப்படைய வைப்பது அதுதான்.

இதற்கு உளவியலில் கையாளும் வழி, படிப்படியாக எதிர்கொள்வது. இழப்பு குறைந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு படிக்கு முன்பும் ஒரு தாளில் இரண்டு விஷயங்கள் எழுதுங்கள்: என்ன கெட்டுப்போகும் என்று நினைக்கிறீர்கள், பதற்றம் நூற்றுக்கு எவ்வளவு. முடித்ததும் நடந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். இது இல்லாமல் செய்தால் பலன் பாதிதான். நாம் பயந்ததும் நடந்ததும் வேறு என்பதை மனம் வசதியாக மறந்துவிடும்.

முதல் படி தோட்டம். முள்ளங்கி நாற்றுகளுக்கு இடையே சுமார் 5 செ.மீ. இருக்கட்டும். பிடுங்கினால் பக்கத்து வேர் அசையும், அதனால் கத்தரிக்கோலால் மண் மட்டத்தில் நறுக்குங்கள். களையாமல் விட்டால் இலைதான் தழைக்கும், கிழங்கு பருக்காது. எல்லா நாற்றையும் காப்பாற்ற நினைத்தால் எல்லாவற்றுக்கும் கேடு. ஒரே அமர்வில் ஒரு முழு வரிசையை முடியுங்கள்.

அடுத்தது அட்டை. பி.வி.ஏ.வைத் தனியாகப் பயன்படுத்துவதால்தான் நகர்த்த நேரம் கிடைப்பதில்லை. நன்கு காய்ச்சி ஆறவைத்த கோதுமை மாவுப் பசையோடு அதைச் சரிபாதி கலந்தால் உலர்வது தாமதமாகும், தாளைச் சற்று நகர்த்திச் சரிசெய்யலாம். மாவுப் பசை மட்டும் என்றால் பின்னால் ஈரம் காட்டிப் பிரிக்கவும் முடியும். பழைய நூல்களைச் செப்பனிடுபவர்கள் அதை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். ஈரம் அதிகம் என்பதால் அட்டை வளையும் வாய்ப்பும் கூடும். அட்டை, முகப்புத் தாள், உள்தாள் எல்லாவற்றிலும் இழை ஓட்டம் (தாளின் நார்கள் ஓடும் திசை) புத்தக முதுகுக்கு இணையாக இருக்கட்டும். ஒட்டியதும் அட்டைக்கும் உள்பக்கங்களுக்கும் நடுவே மெழுகுத்தாள் செருகி, மறுநாள் வரை எடையின் கீழ் வையுங்கள். முதலில் வெற்றுத் தாள்களில் ஒரு டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம், செய்து ஒட்டிப் பாருங்கள். ஒரு டம்மி போதும். இரண்டாவது டம்மி செய்யத் தோன்றினால் அது மறுபடியும் விலகல்தான்.

இனி அந்த எட்டுப் படங்கள். நான்கு நிற ரிடக்‌ஷனுக்கு 20 பிரதி தேவை என்றால் 26 முதல் 28 தாளாவது முதல் நிறத்திலேயே அச்சிட்டிருக்க வேண்டும். பொருத்தம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகுவது, மை தடித்து நுண்கோடுகள் அடைபடுவது, கீழ்நிறம் சரியாகக் காயாமல் அடுத்த நிறத்தை ஏற்க மறுப்பது என்று ஒவ்வொரு சுற்றிலும் சில தாள்கள் போகத்தான் செய்யும். உபரித் தாள் இல்லாமல் வேலை செய்தால் யாருக்கும் கை நடுங்கும். பதிப்பை இன்றே 12 என்று குறைத்துவிடுங்கள். படத்துக்கு எட்டுத் தாள் உபரியாகக் கிடைத்துவிடும். அவை கெடுவதற்கென்றே இருப்பவை.

உங்களுக்குக் குறைவாகப் பிடித்த படத்தை முதலில் எடுங்கள். வெட்டாமல் நிற்க வேண்டிய பகுதியை அழியாத மார்க்கரால் பலகையில் நிரப்பிக்கொள்ளுங்கள். லினோ குளிர்ந்திருந்தால் விறைத்து உளி வழுக்கும், எனவே வெந்நீர்ப் பையின் மேல் சற்று நேரம் வைத்து இளக்குங்கள். உளி கூராக இருக்கட்டும், மழுங்கிய உளியே அதிகம் வழுக்கும். அகலமான யூ (U) வடிவ உளியால் நீக்க வேண்டிய பகுதியின் நடுவிலிருந்து தொடங்கி, எல்லைக்கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்பே நிறுத்துங்கள். உபரித் தாளில் ஒரு சோதனை அச்சு எடுத்துப் பார்த்தபின் வி (V) வடிவ உளியால் எல்லையைத் தொடுங்கள். சிறு வழுக்கல் என்றால் எபாக்சி புட்டி நிரப்பித் தேய்த்துவிடலாம்.

ரிடக்‌ஷன் முறை எல்லோருக்கும் ஏற்றது என்று நான் நினைக்கவில்லை. அடுத்த புத்தகத்துக்கு நிறத்துக்கொரு பலகை வைத்துக்கொள்ளுங்கள். முதன்மைப் பலகையை அசிட்டேட் தாளில் அச்சிட்டு, மை ஈரமாக இருக்கும்போதே புதிய லினோவில் அழுத்தினால் கோடுகள் இடம் மாறாமல் பதியும். எந்த நிறத்தையும் எப்போதும் மறுபடி அச்சிடலாம்.

பயணக் குறிப்பேட்டுக்கு வடிவமே எல்லை போடட்டும். ஒரு ஏ3 தாளை எட்டாக மடித்து நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் ஏ6 அளவில் எட்டுப் பக்கப் புத்தகம் வரும். முன்பின் அட்டை போக உள்ளே ஆறு பக்கம், அதாவது ஒரு பயணத்துக்கு ஆறு படம். பயணத்தின் கடைசி நாளன்றே, ஊர் திரும்புமுன், ஆறையும் குறித்துவிடுங்கள். 9 × 13 செ.மீ. பலகை ஓரம் விட்டு அழகாக அமரும். விரித்த தாளில் நான்கு பக்கங்கள் தலைகீழாக வரும், அச்சிடுமுன் ஒரு வெற்றுத்தாளை மடித்துப் பக்க எண் குறித்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் ஒரே மூச்சில் முடிந்தாக வேண்டும் என்றும் இல்லை. ஆங்கிலேயத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளின் சயனோடைப் படங்களை (வெயிலில் பதியும் நீலநிற ஒளிப்படங்களை) 1843-இல் தொடங்கிப் பத்தாண்டுகள் பகுதி பகுதியாக நண்பர்களுக்கு அனுப்பினார். சில படங்களுக்குப் பதில் பிற்பாடு மேலானவற்றையும் அனுப்பினார். பெற்றவர்களே தைத்துக்கொண்டதால் பிரதிக்குப் பிரதி வேறுபடுகிறது. நீங்களும் இரண்டு படம் முடிந்ததும் ஐந்து துளைத் தையல் போட்டு ஒரு பகுதியாக்கிவிடலாம். பதிப்பு முடிந்ததும் எண்ணிட்டுக் கையெழுத்திட்டு, பலகையின் குறுக்கே ஒரு கோடு கீறி, இனி அச்சிட முடியாதபடி ரத்து செய்யுங்கள். அச்சுக்கலையில் நெடுநாளாக உள்ள வழக்கம் அது. கில்பர்ட் ஆய்வு சொல்லும் பலனும் அப்போதுதான் கிடைக்கும்.

கணவரிடம், "முடிந்ததா என்று கேட்காதீர்கள், சனிக்கிழமைதோறும் இந்த வாரம் என்ன கெட்டது என்று கேளுங்கள்" என்று சொல்லுங்கள். கெட்ட தாளை அவரிடம் காட்டப் பழகினால் துணி தேவைப்படாது.

இந்தத் தயக்கம் அலுவலக வேலை, பண விஷயம், வீட்டு முடிவுகள் என்று மற்ற இடங்களிலும் பரவியிருந்தாலோ, இரண்டு வாரத்துக்கும் மேலாகத் தூக்கமும் பசியும் குலைந்து எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, கடிதம் போதாது. உளவியல் ஆலோசகர் ஒருவரை நேரில் பாருங்கள். போகும்போது பதற்ற அளவுகள் எழுதிய அந்தத் தாளையும் கொண்டுபோங்கள், எங்கிருந்து தொடங்குவது என்பது அவருக்கு உடனே தெரியும்.