மாடியில் வடகம் காய வைத்தது யார்?

கேள்வி: என் பாட்டி (அப்பாவின் அம்மா) சென்ற ஆனியில் காலமானார். பெரம்பூரில் சித்தப்பா வீட்டில் இருந்தார். ஒயர் கூடை, குரோஷா, சமையல் எல்லாவற்றிலும் கெட்டிக்காரர். முட்டி வலியால் மாடிப்படி ஏறுவதை நிறுத்தி ஐந்து வருடம் ஆன பிறகும், கோடையில் அவர் கையால் போட்ட தாளிப்பு வடகம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். மாதம் ஒருமுறை போவோம். டப்பா டப்பாவாகக் கட்டிக் கொடுப்பார். வருஷத் திதிக்குள் அவருடைய சமையல் குறிப்புகளைச் சிறு புத்தகமாக அச்சிட ஆசை. சித்திக்கு எல்லாம் தெரியும். ஆனால் கேட்டால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பொறாமையோ? அவரிடமிருந்து எப்படி வாங்குவது?
- வாசகி, மேடவாக்கம்

பதில்: பாட்டியை இழந்தவர்களின் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. பல கடிதங்களில் ஒரு சித்தியோ அத்தையோ கடைசி வரியில் வந்து போவார், அதுவும் குறையாக.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒன்றைக் கேட்கிறேன். மாடிப்படி ஏற முடியாதவரின் வடகம் ஐந்து கோடை எப்படிக் காய்ந்தது?

வடகம் ஒரு நாள் வேலை இல்லை. கிலோ கணக்கில் சின்ன வெங்காயம் உரித்து நறுக்கி, பூண்டு தட்டி, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு சேர்த்து விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து ஒரு ராத்திரி மூடி வைக்க வேண்டும். மறுநாள் மாடியில் பரப்ப வேண்டும். சாயங்காலம் வாரி வந்து பிசைந்து உருட்ட வேண்டும். அடுத்த நாள் உதிர்த்து மறுபடி பரப்ப வேண்டும். உருண்டை கெட்டிப்படும்வரை ஒரு வாரம், பத்து நாள் இதேதான். அதுவும் கத்தரி வெயிலில். மேகம் கூடினால் ஓட வேண்டும். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்து மொத்தமும் வீண். இத்தனை தடவை ஏறி இறங்கியது யார் கால்?

பாட்டி கீழே உட்கார்ந்து பக்குவம் சொல்லியிருப்பார், பதம் பார்த்திருப்பார். அந்தப் பெருமை அவருக்குத்தான். ஆனால் டப்பாவில் வந்தது சித்தியின் உழைப்பும்தான். அதைச் சாப்பிட்டுவிட்டு, அவருக்குப் பொறாமையா என்று என்னிடம் கேட்கிறீர்கள். கேட்கலாமா இப்படி?

பாட்டியைக் குளிப்பாட்டியது, மாத்திரை கொடுத்தது, ராத்திரி எழுந்து பார்த்தது பற்றியெல்லாம் உங்கள் கடிதத்தில் ஒரு வரி கிடையாது. உங்கள் அப்பாவும் அவர் பெற்ற பிள்ளைதானே? மாதம் ஒருமுறை விருந்தாளியாகப் போய்வருவதைப் பெற்றவளைப் பார்த்துக்கொண்டதாக நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஒரு மகன் வீட்டில் தாய் இருந்தால் மற்ற மகன் வீட்டுக்கும் அதில் பாதிப் பொறுப்பு உண்டு. பணமாக மட்டும் இல்லை, கை கால் உழைப்பாகவும்.

சரி, என்ன செய்யலாம்? குறிப்பு கேட்டு இனிமேல் போன் செய்யாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பெரம்பூர் போங்கள். சின்ன வெங்காயத்தை நீங்களே வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்து உரியுங்கள். முதல் நாள் அளவு எதுவும் கேட்க வேண்டாம். அந்த ஐந்து வருடத்தைப் பற்றிச் சித்தி கோபமாக ஏதாவது சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். மன்னிப்புக் கேட்கத் தோன்றினால் கேளுங்கள். அப்புறம் அவராகச் சொல்லித்தர வந்தால், சமையல் தராசு ஒன்றை எடுத்துப் போங்கள். பழகிய கைக்கு அளவு சொல்லத் தெரியாது. அள்ளிப் போடுவதை எடை போட்டு எழுதிக்கொள்ளலாம். புத்தகத்தில் பாட்டி பெயருக்குப் பக்கத்திலேயே சித்தி பெயரும் வர வேண்டும், நன்றிப் பக்கத்தில் இல்லை.

ஒயர் கூடை பாட்டியின் கைவேலை மட்டுமே என்றால் அதைப் பற்றித் தாராளமாக எழுதுங்கள். பின்னல் சிவன் கண் வகையா, நெல்லிக்காய் முடிச்சா என்று கூடையைப் பார்த்தே சொல்லிவிடலாம். பழைய கூடை ஒன்றின் அடிப்பகுதியைப் பிரிக்காமலே எண்ணிப் பார்த்தால் எத்தனை இழையில் ஆரம்பித்தார் என்பதும் தெரியும். குரோஷா விரிப்புகளைப் படம் எடுத்து வையுங்கள்.

திதிக்குள் புத்தகம் முடியாவிட்டால் பரவாயில்லை. அன்றைக்குப் படையல் சமையலைச் சித்தி தலையில் கட்டாமல் இருப்பதுதான் முக்கியம். உங்கள் அப்பாவிடம் இன்றைக்கே பேசுங்கள்: காய் வாங்குவதிலிருந்து பாத்திரம் கழுவுவதுவரை இந்த முறை உங்கள் வீட்டுப் பொறுப்பு.