கணவருக்கு வராத பல் சொத்தை எனக்கு மட்டும் ஏன்?

கேள்வி: எனக்கு வயது 52. திருப்பாதிரிப்புலியூரில் ஜவுளிக்கடை ஒன்றில் பில் போடுகிறேன். தினமும் இரண்டு வேளை பல் துலக்குகிறேன். ஆனாலும் நான்கு பற்களை அடைத்தாயிற்று. இந்த ஆண்டு ஈறு ஓரத்தில் மேலும் இரண்டு சொத்தை. என் கணவர் காலையில் மட்டும்தான் துலக்குவார், அல்வாவை விடவே மாட்டார். அவருக்கு ஒன்றும் இல்லை. கடையில் மணிக்கொரு டீ குடிப்பேன். தும்மலுக்கு மாத்திரை போடுவதால் வாய் காயும்; அதற்கு ஆரஞ்சு மிட்டாய். "அது பிறவி வாகு" என்கிறார் மாமியார். உண்மையா டாக்டர்?
– வாசகி, கடலூர்

பதில்: அம்மா, பிறவிக்கும் ஒரு பங்கு உண்டு. கடைவாய்ப் பல்லின் பள்ளங்கள் சிலருக்கு ஆழமாக இருக்கும். எச்சில் சுரப்பும் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் உங்களுக்கு வந்ததன் காரணம் பெரும்பாலும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. புதுச்சேரியில் என்னிடம் வருகிறவர்களிடம், எழுந்தது முதல் படுக்கும்வரை வாயில் போட்டது அத்தனையையும் சொல்லச் சொல்வேன். எப்படித் துலக்குகிறீர்கள் என்பதை அதற்குப் பிறகுதான் கேட்பேன்.

பல்லில் படிந்திருக்கும் கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அமிலம் கூடக் கூட பி.எச். என்ற அளவு இறங்கும். வாயின் பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லின் கடினமான மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அந்த அளவை மெல்ல மீட்டுவிடும். அதற்கு அரை மணி நேரமோ கூடுதலாகவோ ஆகும். உங்கள் கணவர் சாப்பாட்டோடு அல்வாவை முடித்துவிடுகிறார் என்றால், அவர் பல்லுக்கு அமிலம் ஒரு தடவைதான். உங்களுக்கோ ஒரு டீயின் அமிலம் அடங்குவதற்குள் மிட்டாய், அது கரைந்து முடிவதற்குள் அடுத்த டீ. மொத்தச் சர்க்கரை அவருக்கே அதிகமாக இருந்தாலும் நாள் முழுவதும் நனைவது உங்கள் பற்கள்தான்.

1940-களில் ஸ்வீடனில் விப்பெஹோல்ம் என்ற மனநலக் காப்பகத்தில் இதைச் சோதித்தார்கள். சர்க்கரையைச் சாப்பாட்டோடு உண்டவர்களைவிட, ஒட்டும் மிட்டாயை இடைவேளைகளில் தின்றவர்களுக்குச் சொத்தை மிக அதிகமாக வந்தது. அங்கிருந்தவர்களின் சம்மதமே இல்லாமல் செய்த கொடுமை அது. அவர்கள் பல்லை இழந்து கிடைத்த அறிவை நாம் வீணாக்கக் கூடாது என்றே ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.

அடுத்தது மாத்திரை. தும்மலுக்குத் தரும் பழைய வகை மாத்திரைகள் எச்சிலைக் குறைக்கும். மனச்சோர்வு மாத்திரைகள் சிலவும் அப்படித்தான். எச்சில் குறைந்தால் அமிலத்தை அடக்க ஆளில்லை. அந்த நேரம் பார்த்து நீங்கள் மிட்டாயை வாயில் ஒதுக்குகிறீர்கள்! மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வாயை உலர்த்தாத வேறு மாத்திரை உண்டா என்று எழுதித் தந்த மருத்துவரிடம் கேளுங்கள். இரத்தச் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது கட்டுக்குள் இல்லாவிட்டாலும் வாய் காயும்.

புதுச் சொத்தை ஈறு ஓரத்தில் வந்திருப்பதால், ஈறு இறங்கி வேர் வெளியே தெரிகிறது என்று நினைக்கிறேன். வேருக்கு எனாமல் கவசம் கிடையாது. லேசான அமிலத்துக்கே கரையும். கரித்தூள், செங்கல் பொடி பக்கமே போகாதீர்கள்.

டீயை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாள் முழுவதும் நிற்கும் வேலையில் அது எவ்வளவு ஆறுதல் என்று தெரியும். சர்க்கரையை மட்டும் விடுங்கள். மிட்டாய்க்குப் பதில் தண்ணீர், அல்லது சர்க்கரை இல்லாத சூயிங்கம். பற்பசைக் குழாயில், பல்லைக் காக்கும் ஃப்ளூரைடு 1000 பி.பி.எம்.-க்குக் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இரவு துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும், வாய் கொப்பளிக்க வேண்டாம். தூக்கத்தில் எச்சில் மிகவும் குறைந்துவிடும், அப்போது அந்த ஃப்ளூரைடு பல்லிலேயே தங்கட்டும்.

சமீபத்தில் சொத்தை வந்திருப்பதே அடுத்தது வரக்கூடும் என்பதற்கு வலுவான அறிகுறி. ஆகவே வருடத்துக்கு ஒருமுறை என்ற கணக்கு உங்களுக்குப் போதாது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை காட்டி, ஃப்ளூரைடு வார்னிஷ் (பல்லின் மேல் மருத்துவர் பூசும் ஃப்ளூரைடு பூச்சு) பூசலாமா என்று கேளுங்கள். போகும்போது மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். பல் மருத்துவர் கேட்காவிட்டாலும் எடுத்துக் காட்டுங்கள்.