பழைய வெள்ளியில் முத்திரை பார்ப்பது எப்படி? கேள்வி பதில்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கைமாறி வந்த வெள்ளி நகைகளை வைத்திருப்பவர்கள் கேட்டவை.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு சங்கிலி வாங்கினேன். கொக்கியில் 925 என்று அடித்திருக்கிறது. நம்பலாமா?

பதில்: இப்போதைக்குக் கொக்கியை மட்டும் நம்புங்கள். 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. ஆனால் அந்த எண் எந்தத் துண்டில் இருக்கிறதோ, அந்தத் துண்டுக்குத்தான் சாட்சி. சங்கிலியில் முதலில் அறுவது கொக்கி. மாற்றும்போது வெள்ளிக் கொக்கியை முலாம் சங்கிலியில் பற்றவைத்துவிடலாம். மறுமுனையின் கடைசி வளையத்திலோ சிறு தகட்டிலோ அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில், வளையங்கள் ஒன்றோடொன்று உரசும் உட்பக்கத்தைப் பாருங்கள். முலாம் முதலில் தேய்வது அங்கேதான். மஞ்சள் தெரிந்தால் உள்ளே பித்தளை, சிவப்பு தெரிந்தால் செம்பு. உள்ளே ஜெர்மன் சில்வர் (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை; பெயரில் மட்டுமே வெள்ளி) இருந்தால் இந்தப் பார்வை ஏமாற்றும், ஏனென்றால் அதுவும் வெள்ளை நிறம்தான்.

கேள்வி: காந்தம் இழுத்தால் போலிதானே?

பதில்: எங்கே இழுக்கிறது என்று பாருங்கள். கொக்கிக்குள் இருக்கும் சுருள்கம்பி பல சமயம் எஃகு. அது ஒட்டத்தான் செய்யும். சங்கிலியின் உடலே ஒட்டினால் வெள்ளி இல்லை. ஒட்டாததால் வெள்ளி என்றும் ஆகிவிடாது. பித்தளையும் செம்பும் கூட ஒட்டாது.

கேள்வி (ஜார்ஜ் டவுன்): லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் கிடைத்த ஒரு புடவை ஊசியின் பின்புறம் சிங்கம், நங்கூரம், ஓர் எழுத்து வரிசையாக இருக்கின்றன. என்ன அர்த்தம்?

பதில்: நல்ல பொருளாக இருக்க வாய்ப்புண்டு. இடப்பக்கம் பார்த்து ஒரு காலைத் தூக்கி நடக்கும் சிங்கம், இங்கிலாந்தில் 925 தரம் சோதிக்கப்பட்டதற்கு அடையாளம். நங்கூரம் பர்மிங்காம் சோதனைக் கூடத்துடையது. லண்டனுக்குச் சிறுத்தைத் தலை. தனி எழுத்து ஆண்டைக் குறிக்கும். அகரவரிசை 20 முதல் 26 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் எழுத்தை மட்டும் வைத்து ஆண்டு சொல்லாதீர்கள். எழுத்தின் பாணியும் அதைச் சுற்றிய கட்டத்தின் வடிவமும் சேர்ந்தே பொருந்த வேண்டும். கூடவே அரசர் அல்லது அரசியின் தலை இருந்தால், அது 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்குப் போட்ட முத்திரை.

வார்ப்பில் எடுத்த நகலையும் கவனியுங்கள். உளிமுத்திரை குத்தினால் பள்ளத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். மெல்லிய தகட்டில் பின்புறம் லேசாகப் புடைக்கும். அச்சில் வார்த்த முத்திரையில் சிங்கத்தின் கால்கள் மழுங்கி, பள்ளத்துக்குள் மணல்போல் சிறு குழிகள் தெரியும்.

கேள்வி: இ, பி, என், எஸ் என்று நான்கு எழுத்து, ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டத்தில்?

பதில்: ஜெர்மன் சில்வர் மேல் வெள்ளி முலாம். முத்திரைபோலத் தோன்றவே கட்டம் போட்டிருக்கிறார்கள். வெள்ளி விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி (கிள்ளான்): பாட்டி ஊரிலிருந்து கொண்டுவந்த கொலுசில் எண்ணே இல்லை, இரண்டு எழுத்து மட்டும் இருக்கிறது. வெள்ளியா?

பதில்: எண் இல்லாததை வைத்துத் தள்ளிவிடாதீர்கள் அம்மா. பழைய கொலுசுகளில் பட்டறையின் எழுத்து மட்டும் இருப்பது சாதாரணம். அது செய்தவரைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. இந்தியாவில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை வெள்ளிக்கு 2005-ல்தான் வந்தது, அதுவும் விருப்பத்தின் பேரில். 2025 செப்டம்பர் முதல் ஆறு எழுத்து-எண் கொண்ட அடையாளமும் வந்துள்ளது; அதை பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம். பாட்டி கொலுசில் இவற்றைத் தேடிப் பயனில்லை.

வீட்டில் செய்யக்கூடியது அடர்த்திச் சோதனை. 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். மாவு நிறுக்கும் தராசு போதாது. முதலில் நகையை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர்க் கோப்பையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். நகையை நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, அடியிலும் ஓரத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். முதல் எடையை இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 20 கிராம் காப்பு ஒன்று, 925 என்றால் மூழ்கியபோது தராசு சுமார் 1.93 கிராம் காட்டும், ஜெர்மன் சில்வர் என்றால் சுமார் 2.30. ஆனால் 80 சதவீத வெள்ளி 1.97 காட்டும். வெள்ளியா இல்லையா என்று இது சொல்லும். 80-ஆ 92-ஆ என்று பிரித்துச் சொல்ல இதை நம்பாதீர்கள்.

கொலுசில் இன்னொரு சிக்கல் உண்டு. முத்துகள் உள்ளே பொள்ளலாக இருக்கும். காற்று சிக்கினால் அடர்த்தி குறைந்து, நல்ல வெள்ளியும் போலிபோலத் தெரியும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு, குலுக்கிக் குமிழியை வெளியேற்றுங்கள். உள்ளே அரக்கு நிரப்பிய தண்டைக்கு இந்தச் சோதனையே வேண்டாம்.

கேள்வி: முத்திரை தேய்ந்து தெரியவில்லை. விபூதி போட்டு விளக்கிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். விபூதி பளபளப்பு தரும், ஆனால் மெல்ல அரிக்கவும் செய்யும். பல வீடுகளில் முத்திரை தேய்ந்து போனதே அப்படித்தான். கைபேசி விளக்கைப் பக்கவாட்டில், ஏறக்குறைய படுத்தாற்போல் பிடியுங்கள். தெரியாவிட்டால் மெழுகுவர்த்திப் புகையை அந்த இடத்தில் லேசாகப் படியவிட்டு, ஆறிய பிறகு செலோடேப் ஒட்டி எடுத்து வெள்ளைத்தாளில் பதியுங்கள். டேப் தொடாத பள்ளம் கரியில்லாமல் எழுத்தாக நிற்கும். கல், எனாமல் பதித்த நகையில் இதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: ஆசிட் வாங்கி வீட்டிலேயே சோதிக்கலாமா?

பதில்: கூடாது. வெள்ளிச் சோதனைக் கரைசலில் நைட்ரிக் அமிலமும் குரோமிய உப்பும் இருக்கின்றன. இரண்டும் கைக்கும் மூச்சுக்கும் கெடுதல். அதை உரைகல் வைத்திருக்கும் பத்தரிடம் விடுங்கள்.

கேள்வி (மஸ்ஜித் இந்தியா): கொலுசை விற்கப் போனேன். கடை இயந்திரம் 92 காட்டியது, ஆனால் உருக்கினால் குறையும் என்று கழிக்கிறார்கள். நியாயமா?

பதில்: ஓரளவு நியாயம். எக்ஸ்ரே இயந்திரம் மேல்தோலை மட்டுமே படிக்கும். முலாம் தடிப்பாக இருந்தால் ஏமாறும். கொலுசின் ஒவ்வொரு பற்றிலும் (பற்றவைத்த இடத்திலும்) தரம் குறைந்த உலோகம் இருக்கிறது, உருக்கினால் அதுவும் கலந்துவிடும். மறைவான இடத்தில் சிறிது அரத்தால் ராவி, அங்கே ஒருமுறையும் பற்றின் மேல் ஒருமுறையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 80 கிராமில் 92.5 சதவீதம் என்றால் 74 கிராம் வெள்ளி, 80 சதவீதம் என்றால் 64. இந்தப் பத்து கிராமைத் தெரிந்துகொண்டு பேரம் பேசுங்கள். எடை, தரம், கழிவு மூன்றையும் ரசீதில் தனித்தனியாக எழுதித்தரச் சொல்லுங்கள் ஐயா.