கொடாப்புக்குள் கோழிக்கு என்ன வேலை? – கேள்வி பதில்

வீட்டுக்கோழி வளர்க்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என் ஊர் பல்லடத்துக்குப் பக்கம். சுற்றிலும் எங்கே திரும்பினாலும் பிராய்லர் ஷெட்டுதான். நடுவில் என் வாசலில் மட்டும் சின்ன உருவ நாட்டுக்கோழிகளான சிறுவிடைகள் 23 குப்பையைக் கிளறிக்கொண்டு திரிகின்றன. மாமியார் காலத்து வம்சம். நான் கால்நடை டாக்டர் இல்லை, 30 வருஷமாகக் கோழிகளோடு மல்லுக்கட்டுகிறவள், அவ்வளவுதான்.

கேள்வி (கோவை): அக்கா, மொட்டைமாடியில் ஆறுக்கு நாலு அடிக் கம்பிவலைக் கூண்டில் ஆறு பெட்டைகள் வளர்க்கிறேன். தீவனம், தண்ணீர் எதிலும் குறையில்லை. ஆனால் ஒன்றின் முதுகை ஒன்று கொத்தி இறகைப் பிடுங்குகின்றன. ஒரு கோழிக்கு முதுகே மொட்டையாகிவிட்டது. மூக்கை வெட்டிவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா?

வேண்டாம் தம்பி. மூக்கில் தப்பு எதுவும் இல்லை, அதற்குக் கொத்துவதற்கு வேறு எதுவும் இல்லை என்பதுதான் தப்பு. வெளியில் திரியும் கோழியை ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். காலையில் இறங்கியதிலிருந்து அடையப் போகும் வரை கிளறும், கொத்தும், நாலடி நகரும், மறுபடி கிளறும். நீங்கள் தீவனத்தைத் தட்டில் வைத்துவிட்டீர்கள். அரை மணி நேரத்தில் வயிறு நிறைந்துவிட்டது. மிச்சப் பகலுக்கு என்ன செய்யும்? பக்கத்துக் கோழியின் முதுகுதான் கிடைக்கும்.

முதலில் அடிபட்ட கோழியைத் தனியாகப் பிரித்து, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசுங்கள். ரத்தச் சிவப்பைக் கண்டால் மற்றவை விடாது. புதுத் தூவி முளைத்த பிறகு சேர்க்கலாம். சேர்க்கும்போது இருட்டில், எல்லாம் அடைந்த பிறகு, அவை உட்காரும் கம்பின் மேல் கொண்டுபோய் வையுங்கள்.

அடுத்து கூண்டு. சிமெண்டுத் தரையில் அரை அடி உயரத்துக்குக் கடலைத்தொலியோ உமியோ காய்ந்த சருகோ கொட்டுங்கள். கம்பையும் உடைத்த மக்காச்சோளத்தையும் தட்டில் வைக்காமல் அதற்குள் வீசிவிடுங்கள். ஒரு கைப்பிடித் தானியத்தைத் தேடி எடுக்க மத்தியானம் ஆகிவிடும். முருங்கைக்கீரைக் கொத்தையோ முட்டைக்கோஸின் வெளி இலைகளையோ கயிற்றில் கட்டி, கழுத்தை நன்றாக எக்கினால் மட்டும் எட்டுகிற உயரத்தில் தொங்கவிடுங்கள். அது ஆட ஆட, விடாமல் கொத்தும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தானியத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டைகள் நாலைந்து போட்டு, கம்பு நிரப்பி உருட்டிவிடுங்கள். முதல் நாள் பயந்து ஓடும். மூன்றாம் நாள் அதைப் பந்தாடும். என் செவலை அதைக் காலால் உதைக்கவே கற்றுக்கொண்டது. மற்றவை மூக்கால் தள்ளும்போது அது மட்டும் உதைத்துவிட்டு, பின்னால் ஓடிப் பொறுக்கும்.

மணிக்கட்டுத் தடிமனில் இரண்டு கம்புகளை வேறுவேறு உயரத்தில் குறுக்காகக் கட்டுங்கள். துரத்தப்படுகிற கோழிக்கு ஏறித் தப்பிக்க ஓர் இடம் வேண்டும். இடம் விஷயத்திலும் கொஞ்சம் யோசியுங்கள். இரவு அடைய மட்டும் என்றால் ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி போதும். பகலெல்லாம் அதற்குள்ளேயே என்றால் எட்டு, பத்து சதுர அடியாவது வேண்டும். உங்களிடம் நாலுதான் இருக்கிறது. சாயந்திரம் ஒரு மணி நேரமாவது மாடியில் திறந்துவிடுங்கள்.

இன்னொன்று, எல்லாக் கொத்தலும் சண்டை இல்லை. யார் பெரியவள், யார் சின்னவள் என்று கோழிகளுக்குள் ஒரு வரிசை உண்டு. நார்வேக்காரர் ஷெல்டெருப் எப்பே சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து, இந்த வரிசையைப் பற்றி 1922-இல் எழுதினார். ஒரு கொத்து கொத்தி, மற்றது தலையைத் தாழ்த்தினால் அதோடு முடிந்துவிடும். அதில் நாம் தலையிடக் கூடாது. இறகைப் பிடுங்கித் தின்றால்தான் பிரச்சினை.

கேள்வி (சிவகங்கை): கரையான் பிடித்துக் குஞ்சுகளுக்குப் போடலாம் என்கிறார்களே, எப்படி?

இதைக் கேட்க ஆள் இருக்கிறதே, சந்தோஷம். உடைந்து மூலையில் கிடக்கும் மண்பானை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கிழிந்த சணல் சாக்கு, காய்ந்த சாணி, இற்றுப்போன ஓலை இவற்றைத் திணித்து, நனைகிற அளவுக்குத் தண்ணீர் தெளித்து, சாயந்திரம் வெளியே மண்ணில் கவிழ்த்துவிடுங்கள். விடிகாலையில் தூக்கிப் பார்த்தால் உள்ளே கரையான் மொய்த்திருக்கும். பத்துப் பதினைந்து குஞ்சுகளுக்கு ஒரு வேளைக்குக் காணும். வெயில் ஏறவிட்டால் உள்ளே இறங்கிப் போய்விடும், அதனால் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும்.

நான் கரையானைத் தட்டித் தருவதில்லை. பானையை அப்படியே குஞ்சுகளின் நடுவில் சாய்த்து வைத்துவிடுவேன். தாய்க்கோழி சாக்கை இழுத்துப் போட்டுக் கிளறி, ‘கொக் கொக்’ என்று கூப்பிட்டுக் காட்டும். இரை எது என்று குஞ்சு கற்றுக்கொள்வது அப்படித்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: பானையை வீட்டுச் சுவரோரம் கவிழ்க்காதீர்கள். எங்கள் பழைய கதவுநிலை ஒன்று அப்படித்தான் போயிற்று. அதை இவர் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

கேள்வி (திருச்சி): கூண்டுக்குள் கண்ணாடி மாட்டினால் கோழிக்குப் பொழுது போகுமாமே?

பெட்டைக்குப் போகலாம். சேவலுக்கு மாட்டிவிடாதீர்கள். எதிரில் இன்னொரு சேவல் நிற்பதாக நினைத்து மோதும். எங்கள் வீட்டில் பைக்கின் பக்கக் கண்ணாடிக்குத் துணியுறை போட்டிருக்கிறோம், காரணம் அதுதான்.

கேள்வி (மதுரை): அம்மா, என் கோழி புழுதியில் ஒருக்களித்து விழுந்து காலை உதறியது, கண் பாதி மூடியிருந்தது. செத்துக்கொண்டிருக்கிறது என்று அள்ளிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். அவர் சிரிக்கிறார்.

புதிதாக வளர்க்கிற எல்லோரும் ஒரு தடவை இப்படி ஓடியிருப்பார்கள். அது குளித்துக்கொண்டிருந்தது கண்ணு. கோழிக்குக் குளியல் புழுதியில்தான். இறகுக்குள் மண்ணை ஏற்றி உதறினால் பேனும் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் போகும். மண்தரை இல்லாதவர்கள் பழைய லாரி டயர் ஒன்றைப் படுக்கப் போட்டு, மணல், அடுப்புச் சாம்பல், நிழலில் காய்ந்த வேப்பிலைத் தூள் கலந்து நிரப்பி வைத்தால் போதும். மழை படாத இடமாக இருக்கட்டும். பத்து மணி வெயிலில் நாலு கோழிகள் ஒரே டயருக்குள் நெருக்கியடித்துப் படுத்திருப்பதைப் பார்க்க வேண்டுமே! வரிசை, பகை எல்லாம் அப்போது மறந்துவிடும்.

செள்ளுக்கு மட்டும் புழுதி போதாது. அது பகலில் கூண்டுச் சந்தில் ஒளிந்திருந்து, இரவில் ஏறிக் கடிக்கும். சந்துபொந்தெல்லாம் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

கேள்வி (ஈரோடு): முட்டைப் பெட்டி செய்து வைத்திருந்தும் என் வெடைக்கோழி ஸ்கூட்டரின் காலடியில் முட்டையிடுகிறது. ஒரு நாள் தெரியாமல் கடைத்தெரு வரை அதையும் கூட்டிப் போய்விட்டேன்.

பெட்டி வெளிச்சத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். முட்டையிடும் கோழிக்கு இருட்டும் மறைவும் வேண்டும். முன்பக்கம் ஒரு சாக்குத் துணியைப் பாதி தொங்கவிட்டு, உள்ளே வைக்கோலில் ஒரு குழி செய்து, முட்டை அளவில் வெள்ளைக் கூழாங்கல் இரண்டு வையுங்கள். ‘ஏற்கெனவே யாரோ இங்கே இட்டிருக்கிறார்கள், நம்பலாம்’ என்று உட்காரும். ஒரு முட்டை உருவாக 25 மணி நேரம் போலப் பிடிக்கும். அதனால் நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போகும், நேற்று வந்த நேரத்துக்கே எதிர்பார்க்காதீர்கள். ஸ்கூட்டரை எடுக்குமுன் குனிந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி (கரூர்): அடையிலிருந்து எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. தண்ணீரில் முக்கச் சொல்கிறார்கள், மூக்கில் இறகைக் குத்திவிடச் சொல்கிறார்கள்.

இரண்டையும் நானும் பார்த்திருக்கிறேன், மாமியாரே செய்திருக்கிறார். இப்போது செய்வதில்லை. அடியில் கம்பிவலை உள்ள கூண்டைக் கல்லின் மேல் தூக்கி வைத்து, தீவனமும் தண்ணீரும் கொடுத்து மூன்று நாலு நாள் அதில் விடுங்கள். வயிற்றுக்கு அடியில் காற்றோடினால் அடை தெளிந்துவிடும். அவ்வளவு ஆசையாக உட்கார்ந்திருக்கிறதென்றால், ஏன் தெளிவிக்க வேண்டும் என்று கேட்பேன். கரு உள்ள முட்டையாகப் பார்த்துப் பத்து வையுங்கள், 21 நாளில் வேலை முடிந்தது.

வாத்து முட்டையும் வைக்கலாம், 28 நாள் ஆகும். ஒரு தடவை எங்கள் கருப்பியிடம் ஐந்து வைத்தேன், ஐந்தும் பொரித்தன. ஒரு வாரம் கழித்து அவை மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இறங்கிவிட்டன. கருப்பி தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடிக் கத்திய கத்தில் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் பாம்பு என்று தடியோடு வந்துவிட்டார்கள். நாலைந்து நாள் இதே கூத்து. அப்புறம் பார்த்தால், குஞ்சுகள் நீந்தும்போது அது கரையில் புழுதிக் குளியல் போட்டுக்கொண்டிருக்கிறது.

கேள்வி (திண்டுக்கல்): அடை வைக்கும்போது இரும்பும் கரித்துண்டும் வைத்தால் இடியில் முட்டை கெடாதாமே?

எங்கள் வீட்டிலும் ஆணி, கரி, காய்ந்த மிளகாய் மூன்றும் வைப்போம். வைக்காத வருஷமும் பொரித்தது, வைத்த வருஷமும் கூமுட்டை வந்தது. வைப்பதால் நஷ்டம் இல்லை.

கேள்வி (சென்னை): சேவல் மூன்று மணிக்கே கூவுகிறது. கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். நிறுத்த வழி உண்டா?

இல்லை. வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கூவுகிறது என்று நாம் நினைப்போம். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் மங்கலான வெளிச்சத்திலேயே சேவல்களை வைத்துப் பார்த்து, உடம்புக்குள் இருக்கும் கடிகாரம்தான் விடியலுக்கு முன்பே கூவ வைக்கிறது என்று 2013-இல் சொன்னார்கள். பல சேவல்கள் இருந்தால், கொத்து வரிசையில் முதலிடத்துச் சேவல்தான் முதலில் கூவுமாம், மற்றவை பின்னால். இரவில் இருட்டாக மூடி வைத்தால் தெருவிளக்குக்கும் வண்டிச் சத்தத்துக்கும் கூவுவது குறையும், அவ்வளவுதான். சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும், பொரிக்காது, சாப்பிடலாம். நகரத்து மாடிக்குப் பெட்டை மட்டும் போதும் என்பது என் அபிப்பிராயம். கீழ்வீட்டுக்காரருக்கு வாரம் நாலு முட்டை கொடுத்துப் பாருங்கள், அதுவும் ஒரு வழி.

கேள்வி (தஞ்சாவூர்): முட்டையைத் தானே உடைத்துக் குடிக்கிறது.

கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்தில் எப்போதும் இருக்கட்டும். ஓடு மெலிந்து உடைந்ததில்தான் ருசி கண்டிருக்கும். முட்டையை உடனுக்குடன் எடுங்கள். அதற்கும் கொத்த வேலை கொடுங்கள், முதல் கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி (விழுப்புரம்): இரண்டு கோழிகள் வெள்ளையாகக் கழிந்து, கழுத்து திருகி நிற்கின்றன. கீழாநெல்லி கொடுக்கலாமா?

இதற்கு விளையாட்டாகப் பதில் சொல்ல முடியாது. வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். உடனே பிரித்து வைத்துவிட்டுக் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். நம் நாட்டில் முதலில் ராணிக்கேத் என்ற மலையூரில் கண்டதால் டாக்டர்கள் அதை ராணிக்கேத் நோய் என்பார்கள். வைரஸ் நோய், வந்த பிறகு மருந்து கிடையாது. வராமல் தடுக்கத்தான் மருந்து: குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டாவது வாரம் இறக்கையடியில் ஊசி. பிப்ரவரியில் அரசு இரண்டு வாரம் முகாம் போட்டு இலவசமாகவே ஊசி போடுகிறது. செத்ததைக் குப்பையில் வீசாமல் ஆழப் புதைத்து மேலே சுண்ணாம்பு போடுங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி): பேர் வைத்து வளர்த்த கோழியைக் குழம்பு வைக்க மனசு வருமா அக்கா?

வராது அம்மிணி. அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: பெட்டைக்கு மட்டும்தான் பேர், சேவலுக்குக் கிடையாது. நாலு வருஷத்துக்கு முன் லீவுக்கு வந்த பேரன் அது தெரியாமல் ஒரு கீரிச் சேவலுக்கு ‘மணியக்காரர்’ என்று பேர் வைத்துவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து அது வாசலில் இருக்கிறது. வெறும் கல்லைக் கொத்திக்கொண்டே இரை கிடைத்த மாதிரி பெட்டைகளைக் கூப்பிட்டு ஏமாற்றும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற பையனின் குதிகாலைக் குறிபார்க்கும். அந்தப் பையன் இப்போதெல்லாம் கேட்டுக்கு வெளியிலிருந்தே, “மணியக்காரர் கட்டிக் கிடக்கிறாரா?” என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறான்.