ஓஇசிடியில் சேரும் முன் ஒரு நாட்டின் புள்ளிவிவரங்களை எப்படிச் சோதிக்கிறார்கள்? மலேசியா தேறுமா?

கேள்வியோடு நீங்கள் சேர்த்திருக்கும் வரி, "எந்த அரசாங்கமும் தனக்கு வேண்டிய நம்பரைத்தானே போடும், இதில் சோதனை வேறா?" அந்த வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஓஇசிடியில், அதாவது பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பில், சேர இந்தோனேசியாவும் தாய்லாந்தும் வரிசையில் நிற்கும் செய்தியைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு நாடுகளுடனும் 2024இல் சேர்க்கைப் பேச்சு தொடங்கியது. மலேசியா இப்போது வேட்பாளர் பட்டியலில் இல்லை. அதனால் "தேறுமா" என்பதற்கு, கூப்பிட்டால் எங்கே இடிக்கும் என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

சோதனையில் யாரும் உங்கள் ஜிடிபியைத் திரும்பக் கூட்டிப் பார்ப்பதில்லை. அந்த எண் எப்படிப் பிறந்தது, வழியில் யார் கை படலாம், வெளியாள் ஒருவர் அதே பாதையில் நடந்தால் அதே இடத்துக்கு வருவாரா, இவைதான் கேள்வி.

நடைமுறை இது. ஓஇசிடி மன்றம் சேர்க்கைக்கான வழித்தடத்தை ஏற்றுக்கொள்ளும். அதன்படி இருபதுக்கும் மேற்பட்ட குழுக்கள் தத்தம் துறையில் நாட்டை அலசும். புள்ளிவிவரத்துக்கும் அதன் கொள்கைக்கும் தனிக் குழு உண்டு. நாடு தன்னைத்தானே மதிப்பிட்டு வினாப்பட்டியலை நிரப்பும். செயலகம் அதை ஆவணங்களோடு ஒத்துப் பார்க்கும். பிறகு தலைநகருக்கு ஒரு குழு வரும். புள்ளிவிவரத் துறையை மட்டும் பார்த்துவிட்டுப் போகமாட்டார்கள். மத்திய வங்கி, நிதி அமைச்சு, தரவைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லாரிடமும் பேசுவது வழக்கம். அறிக்கை தயாரானதும் குழு அதை விவாதித்துத் தன் கருத்தை மன்றத்துக்கு அனுப்பும். அளவுகோல், 2015 நவம்பரில் ஓஇசிடி ஏற்றுக்கொண்ட நல்ல புள்ளிவிவர நடைமுறைப் பரிந்துரை. அதில் பன்னிரண்டு தலைப்புகள். வரிசையில் முதலில் நிற்பவை சட்டமும் தொழில் சுதந்திரமும்தான், கணக்கு முறை பிறகுதான் வருகிறது.

காரணம் இருக்கிறது. அர்ஜென்டினாவில் 2007 முதல் பணவீக்கக் கணக்கில் அரசியல் கை நுழைந்தது. 2013இல் ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) வெளிப்படையாகக் கண்டித்தது. 2016இல்தான் அந்தக் கண்டனத்தை விலக்கிக்கொண்டது. அதே அர்ஜென்டினா இன்று ஓஇசிடி வேட்பாளர். கிரீஸ் கதை வேறு: 2009 பற்றாக்குறையைச் சரியாகக் கணக்கிட்ட புள்ளிவிவரத் தலைவர் ஆன்ட்ரேயாஸ் யோர்யூ மீது வழக்குமேல் வழக்கு. ஆகவே தலைமைப் புள்ளியியலாளரை யார் நியமிப்பது, எந்தக் காரணத்துக்காக நீக்கலாம், எண் வெளியாகும் முன் எந்த அமைச்சர் எத்தனை மணி நேரம் முன்னால் பார்க்கிறார், வெளியீட்டு நாள் முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறதா என்றெல்லாம் கேட்பார்கள். பிரிட்டனின் புள்ளிவிவர அலுவலகமான ஓஎன்எஸ் அந்த முன்பார்வையையே 2017இல் நிறுத்திவிட்டது. கோஸ்டா ரிக்கா 2021இல் உறுப்பினராவதற்கு முன், 2019இல் புள்ளிவிவரச் சட்டத்தையே புதிதாக எழுதியது. நம் மலேசியாவுடையது 1965ஆம் ஆண்டுச் சட்டம். புள்ளிவிவரத் துறை ஓர் அமைச்சின் கீழ் இருக்கிறது. வெளியீட்டு நாட்காட்டி ஒழுங்காக இருக்கிறது, துறையின் ஓப்பன்டோசம் தரவுத் தளம் வந்தபிறகு தரவைத் தரவிறக்குவதும் எளிது. ஆனால் நாட்காட்டி பழக்கத்தில் நிற்கிறதா, சட்டத்தில் நிற்கிறதா என்று நிச்சயம் கேட்பார்கள்.

"புத்ராஜெயாவுக்கு (மலேசிய அரசாங்கத்துக்கு) ஜால்ரா" என்று கருத்துப் பெட்டியில் எழுத வருபவர்கள் அடுத்த பத்தியைப் படித்துவிட்டு எழுதவும்.

வேலையின்மை. மலேசியாவில் வேலையில்லாதவர் இரண்டு வகை: தீவிரமாகத் தேடுபவர், தேடாமல் இருப்பவர். கணக்கெடுத்த வாரத்தில் வேலை தேடியவர் முதல் வகை. வேலை கிடைக்காது என்று நம்பிச் சும்மா இருந்தவர், விண்ணப்பித்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர், அந்த வாரத்துக்கு முன்பே தேடிவிட்டு ஓய்ந்தவர், காய்ச்சலில் படுத்தவர் இரண்டாம் வகை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓவின் தரத்தில் கடந்த நான்கு வாரத்துக்குள் தேடியிருக்கவேண்டும், வேலைக்கு வரத் தயாராகவும் இருக்கவேண்டும். ஆக, நம் இரண்டாம் வகையில் ஒரு பகுதி உள்ளே வரும், நம்பிக்கை இழந்து தேடாதவர் வெளியே போவார். அவர்களைச் சேர்த்துக்கொள்வதால் நம் விகிதம் ஏறுகிறது, இறங்குவதில்லை. பொய் சொல்கிறவன் ஏன் தனக்கு எதிராகச் சொல்கிறான்? ஓஇசிடி கேட்பது இதையல்ல. "தனிநபர் மட்டத் தரவிலிருந்து எங்கள் வரையறைப்படி காலாண்டுக்கு ஒருமுறை, பின்னோக்கிப் பல வருடங்களுக்கு, திரும்பக் கணக்கிட்டுத் தருவீர்களா?" என்றுதான் கேட்கும். பழைய வினாத்தாளில் "கடைசியாக எப்போது தேடினீர்கள்" என்ற கேள்வி இந்தப் பிரிப்புக்குப் போதாதபடி இருந்தால் அங்கேயே மாட்டும்.

விலைக் குறியீட்டில் இதைவிடச் சுவையான சிக்கல் நம் பெட்ரோல் நிலையத்திலேயே நிற்கிறது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35க்கு ஏறியது, தகுதியானவர்களுக்குக் கையில் ரொக்கம். ரொக்கம் வருமானம், விலை அல்ல. எனவே குறியீட்டில் 3.35 முழுசாகப் பதிவாக வேண்டும். ரான்95 பெட்ரோல் அப்படியில்லை. 2025 செப்டம்பர் 30 முதல் மைகார்டு (அடையாள அட்டை) காட்டும் குடிமகனுக்கு 1.99, தொடங்கியபோது மாதம் 300 லிட்டர் வரை; மற்றவர்களுக்குச் சந்தை விலை. மானியம் பம்பிலேயே கழிவதால் செலுத்திய விலைதான் விலை. ஒரே எண்ணெய், ஒரே குழாய், இரண்டு விலை. எதைப் பதிவது? இரண்டையும், எந்த விலையில் எத்தனை லிட்டர் விற்றது என்ற விகிதத்தோடு. நூறு லிட்டரில் தொண்ணூறு 1.99க்கும் பத்து 2.60க்கும் போனதாக ஒரு பேச்சுக்கு வைத்தால் சராசரி 2.05 வரும். பழைய கட்டுப்பாட்டு விலையும் 2.05தான்! குறியீடு அசையாது. அந்த விகிதத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் பணவீக்கம் ஏறும் அல்லது இறங்கும். அதோடு கம்பெனி வண்டிகள் போடும் பெட்ரோல் குடும்பச் செலவே அல்ல, அதைக் கழிக்கவேண்டும். லிட்டர் விவரம் விலைச் சேகரிப்பாளரிடம் கிடையாது. மானிய அமைப்பின் நிர்வாகத் தரவில் இருக்கிறது. அது துறைக்குத் தானாக வந்து சேருகிறதா, கடிதம் எழுதிக் கெஞ்ச வேண்டுமா? ஓஇசிடி பரிந்துரையின் பன்னிரண்டு தலைப்புகளில் நிர்வாகத் தரவை அணுகும் உரிமை என்ற தலைப்பு இதற்காகத்தான்.

தேசியக் கணக்கில் ஜிடிபியின் மொத்தத்தில் பிரச்சினை குறைவு. இடறுவது துறைவாரிக் கணக்குகளில்: குடும்பம், நிறுவனம், அரசாங்கம் என்று பிரித்து, நிதிக் கணக்கும் சேர்த்து, காலாண்டு தோறும் தருவது. அதிலும் அரசாங்கத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பது பெரிய பஞ்சாயத்து. தேசியக் கணக்குக்கான சர்வதேச விதிநூலான எஸ்என்ஏ 2008படி ஓர் அரசு அமைப்பு உற்பத்திச் செலவில் பாதியையாவது விற்பனையில் ஈட்டுகிறதா என்று பல வருடம் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். அரசாங்கத்துக்காகவே கடன் வாங்கி, சுயமாக முடிவெடுக்காத நிதி அமைப்பு பொது அரசாங்கத்துக்குள்ளேயே வரும். எம்ஆர்டி ரயிலுக்கு அரசாங்க உத்தரவாதத்தோடு பத்திரம் வெளியிடும் டானாஇன்ஃப்ரா எந்தப் பக்கம் என்பது கட்டாயம் மேசைக்கு வரும். நம் நிதி அமைச்சு உத்தரவாதங்களைத் தனியாகக் காட்டுகிறது, மறைக்கவில்லை. ஆனால் தனியாகக் காட்டுவதும் கடன் விகிதத்தில் சேர்ப்பதும் ஒன்றல்ல.

பருவச் சீராக்கமும், அதாவது பண்டிகை, பருவத்தால் வழக்கமாக வரும் ஏற்ற இறக்கத்தை எண்ணிலிருந்து நீக்குவதும், உண்டு. மேலைநாட்டு மென்பொருள் ஈஸ்டரைத் தானே கவனித்துக்கொள்ளும். ஹரி ராயா வருடத்துக்குச் சுமார் பதினோரு நாள் பின்வாங்குவதும், சீனப் புத்தாண்டும் தீபாவளியும் மாதம் தாண்டுவதும் நாம் சொல்லிக்கொடுத்தால்தான் அதற்குத் தெரியும்.

மாதிரித் தேர்வு விஷயத்தில் ஓஇசிடி தாட்சணியம் பார்க்காது என்பதற்கு நமக்கே அனுபவம் உண்டு. ஓஇசிடி நடத்தும் மாணவர் தேர்வான பிசாவில், 2015இல், மாதிரிக்கு முதலில் தேர்ந்தெடுத்த மலேசியப் பள்ளிகளின் பதில் விகிதம் 51 சதவீதம், தேவை 85. மதிப்பெண் ஏறியிருந்தும் ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்றைய கோலாலம்பூரில் வீட்டுக் கணக்கெடுப்புக்கும் அதே ஆபத்து. கொண்டோ அடுக்குமாடியில் ஜாகா (காவலாளி) உள்ளே விடமாட்டார், விட்டாலும் கதவு திறக்காது. பிறகு வாட்சாப்பில் "நம் வீட்டுக்கு யாரும் வரவில்லை, எல்லாம் போலி" என்று எழுதுவார்கள். வந்தவரைத் துரத்தியது யாராம்?

இனி, கேட்காத ஒன்று. பி40, எம்40, டி20 (அடியில் 40, நடுவில் 40, மேலே 20 சதவீதக் குடும்பங்கள்) என்று நம் தலையில் ஒட்டும் முத்திரை குடும்பத்தின் மொத்த வருமானத்தை வைத்து. வீட்டில் எத்தனை பேர் என்ற கணக்கே இல்லை. ஓஇசிடி வருமான ஒப்பீட்டில் வரி போக மிஞ்சியதை எடுத்து, ஆள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுப்பார்கள். கையில் 6,000 ரிங்கிட் நிற்கும் தனியாளுக்கு 6,000. அதே 6,000இல் வாழும் நால்வர் குடும்பத்துக்கு 3,000. செந்தூலில் பாட்டி, பிள்ளைகள் என்று ஆறு பேர் இருக்கும் குடும்பம் எம்40 என்று உதவி மறுக்கப்படுவதற்கு இந்த ஒரு வகுத்தல் போடாததுதான் காரணம். வறுமைக் கோட்டை 2020இல் 980இலிருந்து 2,208க்கு உயர்த்தியபோது, 2016க்கு 0.4 சதவீதம் என்று சொல்லப்பட்ட வறுமை புதிய முறையில் 7.6 ஆனது. அளவுகோலை மாற்றும் துணிவு இருந்தால் இதையும் மாற்றலாம். ஓஇசிடிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

நீங்கள் மாணவராக இருந்து இதை ஆய்வுக்கு எடுக்கப் போகிறீர்கள் என்றால், எல்லாவற்றையும் தொடாதீர்கள். வேலையின்மை ஒன்றை மட்டும் எடுங்கள். துறையின் வெளியீட்டில் பின்னிணைப்பாக இருக்கும் வரையறைகளை ஐஎல்ஓ தளத்தின் மலேசியப் பக்கத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள், வயது வரம்பையும் பாருங்கள் (நாம் 15 முதல் 64 வரை). பிறகு "தேடாமல் இருப்பவர்" எண்ணிக்கையைத் தனியாக எடுத்து விகிதத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். ஓஇசிடி குழு கேட்கும் மறுகணக்கின் சிறிய வடிவம் அது.